படம்தான் கூலி என்றால், ஊரை விட்டுக் கிளம்பும் முன் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. சில வருடங்களாகப் போட்டோகிராஃபி கற்றுக்கொண்டு வருகிறேன். டிசம்பரில் ஒரு நண்பனோடு ரயிலில் ஜெய்ப்பூர் போகிறேன், அங்கே ஆறு நாள் தங்கல். நான்கைந்து மாடல்களை வைத்து கொலாப் ஷூட் செய்ய ஆசை. அவர்கள் போஸ் கொடுப்பார்கள், பதிலுக்கு நான் படங்களை எடிட் செய்து கொடுப்பேன், இரண்டு பக்கமும் பணம் கிடையாது. இன்ஸ்டாகிராமில் முப்பது பேருக்கு மேல் மெசேஜ் அனுப்பிவிட்டேன். பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. ஒருவர் மணிக்கு இவ்வளவு என்று பணம் கேட்டார். ஒருவர் மட்டும் சம்மதித்தார், ஆனால் அண்ணனையும் கூட்டிக்கொண்டுதான் வருவாராம். என்னை நம்பவில்லையோ என்று வருத்தமாக இருக்கிறது. ஹிந்தியும் எனக்கு அரைகுறை. வெளியூரில் இப்படிச் சம்மதிக்கும் ஆட்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அண்ணன் தாராளமாக வரட்டும். இன்று இரவே அந்தப் பெண்ணுக்கு, "கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள், வேறு யாராவது வந்தாலும் சரி" என்று பதில் போட்டுவிடுங்கள். உங்களை அவர் நம்பவில்லை என்பது உண்மைதான். நம்புவதற்கு இதுவரை அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லையே. முன்பின் தெரியாத, வேறு மாநிலத்து ஆண் ஒருவர், அவர் ஊருக்கு ஆறே நாள் வந்து போகிறவர், அதிகாலையில் ஓரிடத்துக்கு வரச் சொல்கிறார். இதற்குத் துணையோடு வருகிறேன் என்று சொல்கிற பெண், இந்த வேலையைத் தெரிந்து செய்கிறவர். அப்படிப்பட்டவர்தான் நேரத்துக்கு வருவார், சொன்ன உடையோடு வருவார். வருகிற அண்ணனிடம் ரிஃப்ளெக்டரைக் கொடுத்து வெளிச்சம் பிடிக்கச் சொல்லுங்கள். தங்கைக்கு நல்ல படம் வர வேண்டும் என்ற அக்கறை அங்கே உங்களைவிட அவருக்குத்தான் அதிகம்.

அதைவிட உங்கள் நண்பர் விஷயத்தை யோசியுங்கள். நீங்கள் இருவராகப் போகிறீர்கள். ஒரு போட்டோகிராஃபரைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்து வருகிற பெண், அங்கே தெரியாத இரண்டு ஆண்கள் நிற்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? நண்பர் ஷூட்டுக்கு வருவதாக இருந்தால் முதல் மெசேஜிலேயே சொல்லிவிட வேண்டும், அவர் என்ன வேலைக்காக வருகிறார் என்பதையும் சேர்த்து. சொல்லவில்லை என்றால் அந்த இரண்டு மணி நேரமும் நண்பர் வேறு எங்காவது ஊர் சுற்றிப் பார்க்கட்டும்.

உங்கள் முதல் சிக்கல், நீங்கள் அவர் ஊரில் இருக்கப்போவதில்லை என்பது. கோவையிலோ திருப்பூரிலோ ஒரு கொலாப் ஷூட் சரியாகப் போகவில்லை என்றால், அந்தப் பெண் நாலு பேரிடம் சொல்வார், உங்கள் பெயர் கெடும். அந்த பயமே உங்களை ஒழுங்காக நடந்துகொள்ள வைக்கும் என்று அவருக்கும் தெரியும். வெளியூர்க்காரரிடம் அந்தப் பிடி கிடையாது. நீங்கள் ரயில் ஏறிவிடுவீர்கள். படம் வரவில்லை என்றால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? எடிட் செய்து அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போன பயண போட்டோகிராஃபர்களால் ஏமாந்தவர்கள் சுற்றுலா நகரங்களில் ஏராளம். உங்களுக்கு வராத பதில்களில் பாதி, உங்களுக்கு முன்னால் வந்து போனவர்களுக்கான பதில்கள். அதனால் பயண கொலாப் என்றால் உள்ளூர்க்காரர் எடுக்க வேண்டிய கவனத்தைப் போல இரண்டு மடங்கு நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆள் தேடுவதிலிருந்து படம் கொடுப்பது வரை நான் சொல்லப்போகும் எல்லாமே இதை ஒட்டித்தான்.

உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்தேன். கோபுரங்கள் நன்றாக இருக்கின்றன, பறவைகள் அதைவிட நன்றாக இருக்கின்றன. ஆனால் மனித முகம் என்று பார்த்தால் நான்கோ ஐந்தோதான், அதிலும் இரண்டு முதுகு காட்டி நிற்பவை. ஒரு மாடல் உங்கள் மெசேஜைப் பார்த்ததும் முதலில் பக்கத்தைத்தான் திறப்பார். தன் முகத்தை இவர் எப்படி எடுப்பார் என்பதற்கு அங்கே அவருக்கு விடை கிடைக்கவில்லை. டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் ஊரிலேயே தங்கை, அலுவலகத் தோழி, கல்லூரி நண்பர் என்று தெரிந்தவர்கள் ஐந்தாறு பேரை நல்ல வெளிச்சத்தில் எடுத்து, அவர்கள் சம்மதத்தோடு பதிவிட்டு, அவர்கள் பக்கங்களை டேக் செய்யுங்கள். ஜெய்ப்பூர்ப் பெண் அந்த டேக்கைத் தொட்டு, "இவரோடு ஷூட் செய்தீர்களே, எப்படிப்பட்டவர்?" என்று இன்னொரு பெண்ணிடம் நேரடியாகக் கேட்க முடிய வேண்டும். நீங்களே உங்களைப் பற்றி எழுதும் பத்து வரியைவிட அந்த ஒரு உரையாடல் அதிகம் வேலை செய்யும். ஆண்களின் முகங்களையும் சேர்த்துப் போடுங்கள். பெண்களை மட்டுமே எடுக்கும் பக்கம் என்றால் அதுவும் ஒரு தயக்கத்தைக் கொண்டுவரும்.

ஒரே மெசேஜை முப்பது பேருக்கு அனுப்பியதை இனிமேல் செய்யாதீர்கள். ஒரு நகரத்தில் மாடலிங், மேக்கப், போட்டோகிராஃபி என்று இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். ஒரே வரி, ஒரே ஸ்மைலியோடு தோழிக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்த நிமிடமே உங்கள் மதிப்பு போய்விடும். ஐந்து பேருக்கு எழுதுங்கள், ஐந்தும் வேறு வேறாக இருக்கட்டும். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு எழுதினால் போதும். ரொம்ப முன்னால் எழுதினால் மறந்துவிடுவார்கள், ஊருக்குப் போய்ச் சேர்ந்தபிறகு எழுதினால் அவசரக்காரர் என்று தள்ளிவிடுவார்கள்.

மெசேஜில் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: நீங்கள் யார், எந்தத் தேதியில் இருப்பீர்கள், எங்கே எத்தனை மணி நேரம், என்ன மாதிரிப் படம், அவருக்கு எத்தனை படம் எப்போது கிடைக்கும். எளிய இங்கிலீஷே போதும், ஹிந்தி வரவில்லை என்பதை மறைக்கவும் வேண்டாம். உதாரணத்துக்கு, "நான் திருப்பூரில் இருக்கும் ஒரு பொழுதுபோக்கு போட்டோகிராஃபர். 14-ம் தேதி காலை 7 முதல் 9 வரை, ராம் நிவாஸ் தோட்டத்தில், இயற்கை வெளிச்சத்தில் ஒரு போர்ட்ரெய்ட் ஷூட் செய்ய விரும்புகிறேன். உங்கள் சென்ற மாதத்துப் பதிவில் அந்தப் பக்கவாட்டு முகம் பிடித்திருந்தது, அதுபோன்ற அமைதியான படங்கள்தான் என் எண்ணம். எடிட் செய்த 15 படங்கள் 17-ம் தேதிக்குள் உங்கள் கையில் இருக்கும். உங்களோடு யாரையும் கூட்டிக்கொண்டு வரலாம். நான் எடுத்த இந்த மூன்று பேரிடமும் என்னைப் பற்றி விசாரிக்கலாம். விருப்பமில்லை என்றால் பதில் போட வேண்டிய அவசியம் இல்லை." இவ்வளவுதான். "டியர்" வேண்டாம். அழகைப் பற்றிய வர்ணனை வேண்டவே வேண்டாம். அவர் செய்த வேலையைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும். பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள்.

இன்ஸ்டாகிராமில் 'மாடல்' என்று போட்டுக்கொண்டவர்களை மட்டும் தேடியதும் உங்கள் வழியைக் குறுக்கிவிட்டது. ஏற்கெனவே படம் குவிந்து கிடக்கும் மாடலுக்கு இன்னொரு ஹவா மஹால் படம் எதற்கு? உங்கள் படம் யாருக்கு உண்மையிலேயே தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெய்ப்பூரில் அப்படிப்பட்டவர்கள் நிறைய பேர். கதக் நடனத்தில் ஜெய்ப்பூர் கரானா என்று தனி மரபே இருக்கிறது, ஜெய்ப்பூர் கதக் கேந்திராவில் மாணவர்கள் படிக்கிறார்கள். மேடை நிகழ்ச்சிக்கு விண்ணப்பிக்க அவர்களுக்கு நல்ல படம் வேண்டும். ரவீந்திர மஞ்ச், ஜவாஹர் கலா கேந்திரா என்ற இரண்டு கலை மையங்களையும் சுற்றி நாடகக்காரர்கள் இருக்கிறார்கள். ஆடிஷனுக்கு அனுப்ப முகப்படம் இல்லாமல் செல்ஃபியை அனுப்பிக்கொண்டிருக்கும் நடிகர்கள் எந்த ஊரிலும் உண்டு. பேஷன் கல்லூரியான பேர்ல் அகாடமியிலும், கைவினை வடிவமைப்புக்கென்றே இருக்கும் ஐ.ஐ.சி.டி.யிலும் படிக்கும் மாணவர்கள் தங்கள் உடைகளையும் நகைகளையும் யாராவது சரியாகப் படம் எடுத்துத் தரமாட்டார்களா என்று தேடுவார்கள். அவர்களுக்கே அணிந்து நிற்கத் தோழிகள் இருப்பார்கள்.

இவர்களில் யாரிடம் முதலில் போவது என்று கேட்டால், மேக்கப் ஆர்ட்டிஸ்டிடம் போங்கள் என்பேன். புதிதாகத் தொழில் தொடங்கிய ஒரு மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கு உங்கள் படம் நேரடியாக வாடிக்கையாளரைக் கொண்டுவரும். அவருக்கு ஊரில் பத்துப் பெண்களைத் தெரியும், அவர்களுக்கு அவரைத் தெரியும். அவர் கூப்பிட்டு ஒரு பெண் வந்தால் நம்பிக்கை என்ற சிக்கல் பாதி தீர்ந்தது. ஷூட் நடக்கும் இடத்தில் இன்னொரு பெண் இருக்கிறார் என்பது வருகிறவருக்கும் தெம்பு. மூன்று பேரும் படத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். மேக்கப் பொருள் செலவை மட்டும் நீங்கள் கொடுத்துவிடுங்கள். அவர் உழைப்புக்குப் படம் ஈடாகலாம், ஃபவுண்டேஷன் பாட்டிலுக்கு ஈடாகாது.

கூலியாகக் கொடுக்கும் படம் அவருக்குப் பயன்பட வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். உங்களுக்குப் பிடித்த படமும் அவருக்குத் தேவையான படமும் பெரும்பாலும் வேறு வேறு. பின்னால் கோட்டைச் சுவர், காற்றில் பறக்கும் துப்பட்டா, முகம் பாதி நிழலில் என்று நீங்கள் கனவு காண்பீர்கள். மாடலிங் ஏஜென்சிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் மாடலுக்கு அது ஒரு படம்தான். அவர்கள் கேட்பது மேக்கப் இல்லாமல், சாதாரண உடையில், வெற்றுச் சுவர் முன்னால் நேராகப் பார்க்கும் முகம், பக்கவாட்டு, முழு உயரம். ஷூட்டின் முதல் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். 85 மில்லிமீட்டர் லென்ஸ், நிழலான சுவர் ஓரம், கண் மட்டத்தில் கேமரா, அவ்வளவு போதும். மேக்கப் போடுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

கதக் ஆடுகிறவர் என்றால் பாதத்தை வெட்டிவிடாதீர்கள். சலங்கை கட்டிய கால் தெரியாத கதக் படத்தை ஆடுகிறவர் எங்கும் அனுப்ப மாட்டார். சக்கர் என்னும் வேகச் சுழற்சியில் சுற்றும்போது ஆடையின் விரிவு உறைந்து நிற்க வேண்டும் என்றால் ஷட்டர் வேகத்தில் 1/1000 நொடி அளவுக்குப் போங்கள். அப்புறம் ஒரு பத்துப் படத்தை 1/15-ல் எடுத்துப் பாருங்கள், பாவாடை வட்டமாகக் கரைந்து முகம் மட்டும் நிலைத்து நிற்கிற ஒரு படம் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். எந்த நொடியில் அழுத்த வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். சுற்று முடிந்து, தாளத்தின் முதல் அடியான சமத்துக்கு வந்து நிற்கும் அந்த நிலை உங்கள் கண்ணுக்கு முன்பே அவர் உடம்புக்குத் தெரியும். நாடக நடிகருக்கு முகபாவங்கள் வேறு வேறாக நான்கு முகப்படம். மேக்கப் ஆர்ட்டிஸ்டுக்கு மூடிய இமை, திறந்த இமை, உதடு என்று நெருக்கமான படங்கள், சருமத்தை எடிட்டில் மெழுகாக்காமல். சருமத்தை வழுவழுப்பாக்கிவிட்டால் அவர் செய்த வேலையையே நீங்கள் அழித்துவிடுகிறீர்கள். உடை வடிவமைக்கும் மாணவிக்கு முன்பக்கம், பின்பக்கம், துணியின் ஓரத் தையல், நடக்கும்போது விழும் மடிப்பு. ஏற்றுமதி வேலையில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மெசேஜில் உங்கள் வேலையைப் பற்றி ஒரு வரி போட்டால், அந்த மாணவிகளிடம் உங்களுக்குத்தான் மற்ற போட்டோகிராஃபர்களைவிட முதல் இடம்.

பணம் கேட்ட பெண்ணைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சின்ன மனக்குறை தெரிகிறது. மாடலிங் அவருக்குத் தொழில், அதனால் தன் விலையைச் சொன்னார். பேரம் பேசாமல், நன்றி சொல்லிவிட்டு வந்திருந்தால் சரி. ஆனால் என்னைக் கேட்டால், பட்ஜெட் இடம் கொடுத்தால் அவருக்கே ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். அனுபவம் உள்ளவர் முன்னால் நிற்கும்போது கை எங்கே வைப்பது, தாடையை எப்படித் திருப்புவது என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்காது, நீங்கள்தான் கற்றுக்கொள்வீர்கள். ஆறு நாள் பயணத்தில் வருவார்களா மாட்டார்களா என்று தெரியாத மூன்று இலவச ஷூட்டுகளைவிட அந்த ஒரு மணி நேரம் லாபம். இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. படத்தால் உங்களுக்கோ மூன்றாவது ஆளுக்கோ பணம் வரப்போகிறது என்றால் அது கொலாப் ஆகாது. ஒரு நகைக்கடை நகை கொடுத்து, படத்தை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்கிறது என்றால் மாடலுக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். இலவச ஷூட்டாகவே இருந்தாலும் அவருடைய ஆட்டோ காசும் காலை டிபனும் உங்கள் செலவு, அண்ணனுக்கும் சேர்த்து.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அழகை இரண்டாவதாக வையுங்கள். முதல் சந்திப்பு ஆள் நடமாட்டம் உள்ள, அவருக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். ஆல்பர்ட் ஹால் மியூசியம் இருக்கும் ராம் நிவாஸ் தோட்டம் நகரின் நடுவில் இருக்கிறது, காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் இருப்பார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஜவாஹர் சர்க்கிளில் இருக்கும் பத்ரிகா கேட்டின் வண்ண வளைவுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே கல்யாண ஜோடிகளின் ப்ரீ வெட்டிங் கூட்டம் அதிகம், விடியும்போதே போனால்தான் வளைவு காலியாகக் கிடைக்கும். நாஹர்கட் கோட்டையிலிருந்து சூரியன் மறைவது பேரழகு, ஆனால் மலைப்பாதையில் ஏறி, இருட்டும் நேரத்தில் இறங்க வேண்டிய இடம். முதல் முறை பார்க்கிற பெண்ணை அங்கே கூப்பிடாதீர்கள். நீங்கள் தங்கும் ஓட்டல் அறையில் ஷூட் என்ற பேச்சே வரக்கூடாது, மாடியில் நல்ல வெளிச்சம் இருக்கிறது என்றாலும் சரி. உடை மாற்ற எங்கே வசதி இருக்கிறது என்பதை முன்பே பார்த்து வைத்து அவரிடம் சொல்லுங்கள். பக்கத்து கஃபேயில் எல்லோருக்கும் டீ வாங்கிவிட்டு அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்றால் அது போதும்.

கோட்டை, அரண்மனை என்றால் டிக்கெட் எடுத்து உள்ளே போவது வேறு, ஷூட் நடத்துவது வேறு. கையில் கேமராவோடு வரும் பயணியைப் பொதுவாக யாரும் தடுக்க மாட்டார்கள். டிரைபாட், லைட், அலங்கரித்த மாடல் என்று போனால் அனுமதியும் தனிக் கட்டணமும் கேட்பார்கள். ஆமேர் கோட்டை மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது, சிட்டி பேலஸ் அரச குடும்பத்தின் அறக்கட்டளையிடம் இருக்கிறது, இரண்டிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆமேரில் பன்னா மீனா குண்டு என்ற படிக்கிணற்றின் படிகளில் மாடலை உட்கார வைத்த பழைய படங்களை நம்பிப் போய்விடாதீர்கள், இப்போது காவலர்கள் படியில் இறங்க விடுவதில்லை. மாடலை வைத்துக்கொண்டு காவலரிடம் வாதாடும் நிலை வந்தால், சங்கடப்படுவது அவர்தான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. டிசம்பர் நடுவில் திருப்பூரில் ஆறரைக்கே விடிந்துவிடும், ஜெய்ப்பூரில் ஏழு பத்து ஆகும். நம் ஊர் வழக்கத்தில் ஐந்தே முக்காலுக்கு வரச் சொன்னால் அந்தப் பெண் கும்மிருட்டிலும் குளிரிலும் வந்து நிற்க வேண்டியிருக்கும். ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், அதனால் சாயங்கால ஷூட்டை நான்கு மணிக்கே தொடங்குங்கள். ஹவா மஹால் கிழக்குப் பார்த்த முகப்பு, அதன் மேல் காலை வெளிச்சம்தான் விழும், அதுவும் மேல் மாடங்களில் முதலில். மாலையில் போனால் அந்த 953 ஜன்னல்களும் நிழலில்தான் இருக்கும். காலைக் குளிர் பத்து டிகிரியை ஒட்டி இருக்கும். மெல்லிய உடையில் நிற்பவருக்கு ஷாட்டுக்கு நடுவே போர்த்திக்கொள்ள ஒரு சால்வையை நீங்களே கொண்டு போங்கள். சில நாள் பனிமூட்டமும் இருக்கும். முந்தின நாள் இரவு ஒரு முறை பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஷூட்டின்போது அவரைத் தொடாதீர்கள். கலைந்த முடி, விலகிய முந்தானை, எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், அவரே சரி செய்வார் அல்லது கூட வந்தவர் செய்வார். போஸ் வேண்டும் என்றால் நீங்களே நின்று காட்டுங்கள். மொழி அரைகுறையாக இருக்கும் இடத்தில் அதுதான் வேகமான வழியும்கூட. முன்பே பேசிய உடை, முன்பே பேசிய இடம், அதற்கு மேல் அங்கே போய்ப் புதிதாக எதையும் கேட்காதீர்கள். முடியாது என்று சொல்ல அவருக்கும் மொழித் தடை இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். அவ்வப்போது கேமரா திரையைத் திருப்பிக் காட்டுங்கள். இது வேண்டாம் என்று எதைச் சொன்னாலும் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள், அது உங்களுக்கு எவ்வளவு பிடித்த படமாக இருந்தாலும்.

எழுத்தில் ஒரு பக்கம் வேண்டும். பயமுறுத்தும் வக்கீல் மொழி தேவையில்லை. தேதி, இடம், அவருக்கு எத்தனை படம், எந்தத் தேதிக்குள், நீங்கள் எங்கெல்லாம் பதிவிடலாம், அவர் எங்கெல்லாம் பயன்படுத்தலாம், பெயர் குறிப்பிட வேண்டுமா, இருவர் சம்மதமும் இல்லாமல் யாருக்கும் விற்பதில்லை, அவர் முகத்தை ஏ.ஐ. கருவிகளில் போட்டு மாற்றுவதில்லை. இந்தக் கடைசி வரியை இப்போதெல்லாம் நான் விடாமல் சேர்க்கிறேன், பெண்கள் முதலில் படித்துப் பார்ப்பதும் அதைத்தான். ஆங்கிலத்தில் ஒன்றும் ஹிந்தியில் ஒன்றும் வைத்துக்கொண்டு முந்தின நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், காலையில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கு இது என்றால், 1957-ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்துக்கு முதல் உரிமையாளர் பொதுவாக எடுத்தவர்தான். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்கு ஈடும் கொடுத்து எடுக்கப்படும் படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை கேட்டவருக்குப் போகும். கொலாப்பில் யார் யாரைக் கேட்டார்கள், யார் என்ன ஈடு கொடுத்தார்கள் என்பது குழப்பமான இடம். எழுதி வைத்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது. 18 வயது ஆகாதவரின் கையெழுத்து ஒப்பந்தமாகச் செல்லாது. அதனால் வயதை முதலிலேயே கேளுங்கள், 18-க்குக் கீழே என்றால் இந்தப் பயணத்தில் வேண்டாம்.

நான்கைந்து பேர் என்ற திட்டத்தை இரண்டாகக் குறையுங்கள். முதல் நாள் கேமரா இல்லாமல் இடங்களைப் போய்ப் பாருங்கள். இரண்டாம் நாள் காலை ஒரு ஷூட், நான்காம் நாள் காலை இன்னொன்று. மற்ற மாலைகள் எடிட் செய்வதற்கு. லேப்டாப்பைக் கண்டிப்பாகக் கொண்டு போங்கள். ஷூட் முடிந்த அன்று இரவே மூன்று படங்களை எடிட் செய்து அனுப்பிவிடுங்கள். அது அவருக்குக் கிடைக்கும் முன்பணம் மாதிரி. அடுத்து, எல்லாப் படங்களையும் சின்ன அளவில் டிரைவ் லிங்காகக் கொடுத்து, அவருக்குப் பிடித்த பத்தை அவரே எடுக்கட்டும், ஐந்தை நீங்கள் எடுங்கள். இந்தப் பதினைந்தும் நீங்கள் திரும்பும் ரயில் ஜெய்ப்பூரை விட்டுக் கிளம்பும் முன் முழு அளவில், வாட்டர்மார்க் இல்லாமல் அவர் கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள் அல்லது லிங்க் கொடுங்கள். திரும்பி வரும் ரயிலில் ஏறக்குறைய இரண்டு நாள் இருக்கிறதே, நிதானமாக எடிட் செய்து ஊருக்குப் போய் அனுப்பலாம் என்று தோன்றும். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். திருப்பூரில் இறங்கியதும் தேங்கிக் கிடக்கும் அலுவலக வேலை உங்களை இழுத்துக்கொள்ளும், அங்கே அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொன்னதற்கு ஒரு நாள் முன்னால் கொடுத்துப் பாருங்கள், அடுத்த முறை ராஜஸ்தானில் எந்த ஊருக்குப் போனாலும் ஆள் தேட வேண்டியிருக்காது, அவரே சொல்லி வைப்பார்.

யாராவது கடைசி நேரத்தில் வரவில்லை என்றாலும் கோபப்படாதீர்கள். பணம் கைமாறாத ஏற்பாட்டில் அது நடக்கும். காரணம் கேட்டு மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பாமல் "பரவாயில்லை, அடுத்த முறை" என்று ஒரு வரி போட்டுவிட்டு, அந்தக் காலையைத் தெருவுக்குக் கொடுங்கள். ஆனால் அங்கே வேறு நியாயம். கோட்டை வாசலில் ராவணஹத்தா என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கும் போபா என்ற நாட்டுப்புறப் பாடகர், பெரிய தலைப்பாகையோடு நிற்கும் பெரியவர், பொம்மலாட்டக்காரர், இவர்களுக்கு டிரைவ் லிங்க் கூலி ஆகாது. படத்துக்கு நிற்பதும் வாசிப்பதும் அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு. எவ்வளவு என்று முதலில் கேட்டுப் பணமாகக் கொடுத்துவிட்டு எடுங்கள். கடை வைத்திருப்பவர், குடும்பத்தோடு வாசலில் உட்கார்ந்திருப்பவர் என்றால் படத்தின் பிரதி அவர்களுக்குச் சந்தோஷம் தரும். எடுத்த உடனே படத்தைப் பிரிண்டாகத் தரும் இன்ஸ்டாக்ஸ் மினி கேமரா ஒன்று இரவல் கிடைத்தால் கொண்டு போங்கள். 62-க்கு 46 மில்லிமீட்டர் சின்னப் படம்தான், ஆனால் அங்கேயே கையில் கொடுத்துவிடலாம். அது இல்லை என்றால் அன்றைக்கே ஏதாவது ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு மறுநாள் அதே கடைக்குப் போய்க் கொடுங்கள். தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்லாதீர்கள். குழந்தைகளைப் பெற்றவர்களிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம், மிட்டாய் கொடுத்து எடுப்பது அதைவிட மோசம்.

ஊருக்குத் திரும்பியபிறகு ஏதாவது ஒரு படத்தை யாராவது விலைக்குக் கேட்கலாம், அல்லது படங்களை விற்கும் ஸ்டாக் தளத்தில் போடலாம் என்று உங்களுக்கே தோன்றலாம். அடையாளம் தெரியும் முகம் என்றால் விளம்பரப் பயன்பாட்டுக்கு ஸ்டாக் தளங்கள் மாடல் ரிலீஸ், அதாவது படத்தில் இருப்பவர் எழுதித் தரும் அனுமதியில் கையெழுத்து கேட்கும். கொலாப்புக்காக நீங்கள் எழுதிய ஒரு பக்கம் அதற்குப் போதாது. முதலில் அவருக்குப் போன் செய்து, யார் கேட்கிறார்கள், எதற்கு, எவ்வளவு என்று மூன்றையும் சொல்லுங்கள். வருவதில் பாதி அவருக்கு என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். சரி என்றால் புதிதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பணம் வந்த அன்றே அனுப்பிவிடுங்கள். வேண்டாம் என்று சொன்னால், கேட்டவரிடம் படம் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள்.